கல்லில் பிறந்து கிள்ளானுக்கு வந்த ஷண்முகர்

ஜெர்மனியின் பவேரியா பகுதியில் சோல்ன்ஹோபன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே மண்ணைத் தோண்டினால் மங்கிய மஞ்சள் நிறச் சுண்ணாம்புக் கல் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். அதைத் தேய்த்து வழவழப்பாக்கி, எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, நீர் தடவி, அச்சு மையை உருட்டித் தாளில் ஒற்றினால் வரைந்தது இடவலம் மாறிப் பதியும். 1790களின் கடைசியில் மியூனிக்கில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த இந்த முறைதான் லித்தோ. மயில் மேல் ஆறு முகங்களோடு வீற்றிருக்கும் ஷண்முகர், இருபுறமும் வள்ளி தெய்வானை. மலாயாவின் தோட்ட லயன் வீடுகளில் எண்ணெய் விளக்குக்குப் பின்னால் தொங்கிய அந்தப் படத்தின் முதல் வீடு இந்தக் கல்.

நம் வீடுகளில் அதற்கு 'ரவிவர்மா படம்' என்று பெயர். கிளிமானூரில் 1848இல் பிறந்த ராஜா ரவிவர்மா தைல ஓவியத்தில் பேர் வாங்கியபின், படம் கேட்டு வந்த அத்தனை பேருக்கும் ஒரே கையால் வரைந்து தர முடியவில்லை. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ் 1880களில் அவருக்கு ஒரு யோசனை சொன்னார்: தேர்ந்தெடுத்த படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் பிரதி எடுக்கச் செய்யலாம் என்பது. ரவிவர்மா அதைவிட ஒரு படி மேலே போனார். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களையும் கற்களையும் தொழில் தெரிந்த ஆட்களையும் வரவழைத்து, 1894இல் பம்பாயில் சொந்த அச்சகம் தொடங்கினார். கோயிலுக்குள் எல்லாரும் நுழைய முடியாத காலம் அது. தெய்வத்தின் முகத்தைக் கிட்டத்தில் நின்று பார்க்க முடியாதிருந்தவர்களின் வீட்டுச் சுவருக்கே அந்த முகம் வந்து சேர்ந்தது. ரவிவர்மாவை எத்தனை பேர் எப்படி விமர்சித்தாலும், இந்த ஒரு காரியத்துக்காக நான் அவருக்குக் கடமைப்பட்டவன்.

ஒரு படத்துக்கு ஒரு கல் போதாது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல் வேண்டும். நல்ல படம் என்றால் பத்துக்கு மேலும் போகும். மஞ்சள் கல்லில் மஞ்சள் வர வேண்டிய இடம் மட்டும், இளஞ்சிவப்புக் கல்லில் அது வர வேண்டிய இடம் மட்டும் என்று கைவினைஞர் ஒருவர் புள்ளி புள்ளியாக வைத்துப் போவார். கன்னத்தின் மெல்லிய நிழலுக்கு நூற்றுக்கணக்கான புள்ளிகள், அத்தனையும் கையால் வைத்தவை. ஒரே தாள் ஒவ்வொரு கல்லின் மேலும் இம்மி பிசகாமல் அமர்ந்து எழ வேண்டும். கடைசியாக வார்னிஷ் பூசுவார்கள். தைல ஓவியத்தின் கித்தான் துணியைப்போலத் தோன்றுவதற்காக அந்தத் தாளில் நெசவு வரிகளை அழுத்திப் பதிப்பதும் உண்டு. ஓலியோகிராஃப் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதைத்தான்.

பிளேக் நோய் பம்பாயை உலுக்கிய பிறகு அச்சகம் 1899இல் லோனாவலாவுக்கு அருகே மளவளிக்கு இடம் மாறியது. தொழில் லாபம் தரவில்லை, கடன் ஏறியது. 1900களின் தொடக்கத்திலேயே ரவிவர்மா அதை அங்கு வேலை பார்த்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஹரிடம் விற்றுவிட்டார். 1906இல் ரவிவர்மா காலமானார். அவர் பெயரில் அச்சகம் தொடர்ந்து ஓடியது. பின்னாளில் 'ராஜா ஹரிச்சந்திரா' திரைப்படத்தை எடுத்த தாதாசாகேப் பால்கேகூட அங்கே தொழில் பழகியவர்தான். 1972இல் தீப்பிடித்து அச்சகம் அழிந்தது. ஆகவே 'ரவிவர்மா படம்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, அவர் கைவிட்டுப் போன அச்சகம் பல பத்தாண்டுகள் அச்சிட்டுத் தள்ளியது. போதாததற்குப் போட்டி அச்சகங்கள் அதே படங்களைப் பார்த்து வரைந்து விற்றன. சில ஜெர்மனியிலேயே அச்சாகி வந்தன.

மளவளியிலிருந்து ஷண்முகர் தெற்கே வந்து, நாகப்பட்டினத்தில் கடலைக் கண்டார். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் கப்பல்கள் சென்னையிலும் நாகையிலும் ஆள் ஏற்றி பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். 1926இல் கட்டிய 'ரஜூலா'வை அறியாத மூத்த மலேசியத் தமிழர் இருக்க மாட்டார். ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் வந்தவர்களிடம் அதிகம் சாமான் இருந்ததில்லை. பாத்திரம், பாய், மாற்றுத்துணி, அவற்றுக்கிடையே தாளாகச் சுருட்டிய ஒரு சாமி படம். கணக்கெழுதும் கிராணி வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் வந்தவர்களின் டிரங்குப் பெட்டியில் இன்னும் கொஞ்சம் பத்திரமாக வந்திருக்கும். தொழிலாளர்கள் உதவி பெற்றுக் குடியேறுவதை 1938இல் இந்திய அரசு தடுத்தது. அதுவரை ஒவ்வொரு கப்பலிலும் இப்படி முருகனும் மாரியம்மனும் லட்சுமியும் பயணம் செய்தார்கள் என்று நம்புவதற்கு, கிள்ளானைச் சுற்றியுள்ள வீடுகளில் மிஞ்சியிருக்கும் படங்களே போதும்.

1901இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர்கள் சிலாங்கூரின் ரப்பர் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். அதற்குள் இங்கே முருகன் வேரூன்றிவிட்டான். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலைக் கட்டிய தம்புசாமிப் பிள்ளை பத்துமலைக் குகையில் வேலை நாட்டியிருந்தார், 1892 முதல் அங்கே தைப்பூசம் நடந்து வந்தது. அதே 1892இல் கிள்ளானில் சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் எழுந்தது. தோட்டத்து லயன் வீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, ஒரு திண்ணை. அந்த அறையின் கிழக்குச் சுவரில் ஒரு பலகை அடித்தால் அதுதான் சாமி மேடை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சுவரில் சுண்ணாம்பு அடித்து, கலர் காகிதத்தைக் கத்தரித்துத் தோரணம் கட்டி, படத்துக்குப் புதுமாலை போடுவார்கள். ஆண்டின் மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் அலங்காரம் என்று சொல்ல இருந்தது அந்தப் படம் ஒன்றுதான். பட்டுத் துணித்துண்டும் சரிகையும் சமிக்கியும் ஒட்டிப் படத்துச் சாமிக்கே உடை உடுத்திய பெண்கள் உண்டு. அந்தப் பொறுமையான ஊசிவேலைக்கு யாரும் பெயர் போட்டுக்கொண்டதில்லை.

நகரத்துக்கு வந்த ஷண்முகர் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினார். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற அந்த இடத்தில் ரயில்வே பணிமனையும் ஊழியர் குடியிருப்பும் வந்தபின், தமிழ்நாட்டுத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அடுத்தடுத்த வாசல்களில் வாழ்ந்தார்கள். ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் என்று எல்லாரும் சொன்ன அந்த வரிசை வீடுகள் 2010களில் இடிபட்டன. அவற்றின் சுவர் ஆணிகளில் என்னென்ன தொங்கின என்று யாராவது ஒரு முறை வீடு வீடாகப் போய்ப் படம் பிடித்திருக்கலாம்.

1942 ஜனவரியில் ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் வந்தார்கள். தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். படங்கள் அதே சுவரில் இருந்தன. அவற்றின் முன் நின்று கும்பிட்டவர்களில் ஏராளமானோர் திரும்பி வரவில்லை.

போருக்குப் பின் சிவகாசி எழுந்தது. ஆஃப்செட் இயந்திரத்தில் அடித்த காலண்டர் படங்கள் கப்பல் கப்பலாக வந்தன. கோவில்பட்டியில் இருந்துகொண்டு சி. கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த தெய்வங்கள் அவை. நாடகத் திரைச்சீலை எழுதிப் பழகிய கை என்பதால் அவர் சாமிகள் மேடை வெளிச்சத்தில் நிற்பதைப்போல நேராக நம் கண்ணைப் பார்ப்பார்கள். மளிகைக் கடையும் நகைக் கடையும் ஆண்டுதோறும் இலவசமாகத் தந்த அந்தப் படங்களைக் கத்தரித்துச் சட்டம் போட்டார்கள் ஜனங்கள். பழைய ரவிவர்மா மங்கிப் போனதும் அதே சட்டத்துக்குள் அதன் மேலேயே புதுப்படத்தை வைத்து ஆணி அடித்ததும் உண்டு. சட்டத்தைப் பிரிக்கும்போது உள்ளே இன்னொரு சாமி இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கொண்டையராஜுவின் நல்ல அச்சு ஒன்று கிடைத்தால் அதை ரவிவர்மாவுக்கு ஒரு படி கீழே வைக்க எனக்கு மனம் வராது.

பிறகு தோட்டங்களே போயின. ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்பானது. பெராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் புத்ராஜெயா எழுந்தது, அங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடி வீட்டுக்குப் போயின. இதே கதை கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் வேறு வேறு பெயர்களில் நடந்தது. சிறிய மாடி வீட்டில் சாமி மேடை ஓர் அலமாரித் தட்டுக்குச் சுருங்கியது. பூச்சி அரித்த பெரிய படங்களை அங்கே என்ன செய்வது? கண்ணாடி உடைந்த படம் வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கை வேறு. குப்பையில் போட மனம் துணியாது. அதனால் அரச மரத்தடியிலோ கோயில் மதில் ஓரத்திலோ சாய்த்து வைத்துவிட்டுக் கும்பிட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள். மழை இரண்டு வாரத்தில் தாளைக் கரைத்துவிடும். சில படங்கள் 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு தாமானுக்குள் வரும் பழைய பேப்பர் லாரியில் ஏறின. ஷண்முகரின் அடுத்த பயணம் அந்த லாரியில்தான் தொடங்கியது. அங்கிருந்து பழம்பொருள் வியாபாரி, அவரிடமிருந்து வார இறுதிச் சந்தை.

பெட்டாலிங் ஜெயாவின் அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தையில் பழைய எனாமல் தட்டுகளுக்கும் மைலோ டின்களுக்கும் நடுவே நான் வாங்கிய ஷண்முகரை மேசையில் கவிழ்த்து வைத்துப் பார்த்தபோது, முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் செய்தி அதிகமாக இருந்தது. முதுகுப் பலகை சாமான் பெட்டியைப் பிரித்த மரம். பாதி எழுத்து பலகையிலேயே நிற்கிறது. மூலையில் சட்டம் போட்ட கண்ணாடிக் கடையின் சிறு சீட்டு, சீன எழுத்துகளில். அதனடியில் கிள்ளான் என்ற ஊர்ப்பெயர் மட்டும் ஆங்கிலத்தில். பலகைக்கும் படத்துக்கும் நடுவே தமிழ்ப் பத்திரிகைத் தாள் ஒன்று மடித்திருந்தது. தேதி கிழிந்துவிட்டது, ஆனால் ஒரு ஜவுளி விளம்பரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயர் இருக்கிறது. துறைமுகத்துக்கு போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது 1972இல். ஆகவே பத்திரிகை அதற்கு முந்தியது. ஜெர்மன் தொழில், மராட்டிய மண்ணில் அச்சு, சீனர் போட்ட சட்டம், தமிழர் வீட்டுப் பூசை. இவ்வளவும் ஒரு சதுர அடி மரத்தில் எழுதியிருக்கிறது.

அசலா நகலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் வேலை லூப்பு. நகைக் கடைக்காரர் வைத்திருக்கும் அந்தச் சிறு உருப்பெருக்கியை முகத்தின் நிழல் பகுதியில் வையுங்கள். கல் அச்சு என்றால் புள்ளிகள் சிறிதும் பெரிதுமாக ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும், ஒரு வண்ணத்தின் மேல் இன்னொன்று ஏறியிருக்கும். ஆஃப்செட் என்றால் ஒரே அளவு இடைவெளியில் அணிவகுத்த புள்ளிகள் சிறு வட்டங்களாகத் தெரியும். இன்றைய கணினி அச்சில் மை தூவியதுபோல் இருக்கும். என் படத்தில் தெய்வானையின் காதணி ஓரத்தில் சிவப்பு வண்ணம் இம்மி விலகி நிற்கிறது. அந்தக் கல்லின்மேல் தாள் சற்றே தவறி உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது கீழ் விளிம்பு. படத்தின் பெயரும் 'ரவிவர்மா பிரஸ், கார்லா-லோனாவலா' என்பது போன்ற வரியும், சில படங்களில் பம்பாய் மோத்தி பஜாரின் அனந்த் சிவாஜி தேசாய் என்ற விற்பனையாளர் பெயரும் அங்கே இருக்கும். சட்டம் போடுபவர்கள் அதை வெட்டிவிடுவது வழக்கம், அல்லது அட்டைக்கு அடியில் மறைந்திருக்கும். வரி இருந்தால் விலை ஏறும். இல்லையென்று தள்ளிவிடவும் கூடாது. கருமையாக இருக்கிறது, மூலையில் பூச்சி அரித்திருக்கிறது என்பதெல்லாம் வயதுக்குச் சாட்சி ஆகாது. நம் ஈரக் காற்றில் இருபது வருடக் காலண்டர்கூட நூறு வருடத் தோற்றம் பெற்றுவிடும். தேயிலை டிகாஷனில் முக்கி எடுத்தாலும் அந்த நிறம் வரும்.

பணத்தாள் சோதிக்கும் புற ஊதா விளக்கு இன்னொரு துணை. காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ரசாயனம் பரவலானது 1950களில் இருந்து. கண்ணாடியை எடுத்துவிட்டு இருட்டில் அந்த விளக்கை அடித்தால், புதுத்தாள் நீல வெள்ளையாக ஒளிரும், பழைய தாள் மங்கலாகவே கிடக்கும். அமெரிக்காவில் ஹாலோவீன் பழம்பொருள் சேகரிப்போர் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள். 1900களின் தொடக்கத்தில் அங்கே அந்தத் திருநாளுக்கான புடைப்பு அச்சு வாழ்த்து அட்டைகளும் அட்டை உருவங்களும் ஜெர்மனியிலிருந்து ஏராளமாகப் போயின. டென்னிசன், பீஸ்டில் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் காகிதப் பூனையும் பூசணி முகமும் செய்து விற்றன. பண்டம் எந்த நாட்டில் செய்தது என்று பொறிக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்ததால், 'ஜெர்மனி' என்ற முத்திரையே அங்கு காலக்கணக்குக்கு உதவுகிறது. நம் ஷண்முகரைப் பெற்ற தொழிலே அமெரிக்கப் பூசணி முகத்தையும் பெற்றது. அந்த அலங்காரங்கள் ஓர் இரவுக்காகச் செய்தவை, மறுநாள் குப்பைக்குப் போனவை. அதனால் மடிப்பும் கறையும் இல்லாமல் தப்பியதற்கு அங்கே உயர்ந்த விலை.

அந்த அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவருவதைத்தான் நான் ஏற்க மாட்டேன். கறையில்லாத படம்தான் உயர்ந்தது என்று நம் சந்தையும் நம்பத் தொடங்கிவிட்டது. வியாபாரிகள் படத்தைப் பிரித்து, பழைய கண்ணாடியைத் தூக்கிப் போட்டு, முதுகுப் பலகையை எறிந்து, தாளைத் துடைத்து, பளபளக்கும் புதுச் சட்டத்தில் போட்டு விற்கிறார்கள். வாங்குபவருக்கு வரவேற்பறை அலங்காரம் கிடைக்கிறது. அந்தப் படம் எந்தத் தோட்டத்தில் யார் வீட்டில் இருந்தது என்பதற்கான கடைசித் தடயம் குப்பைக்குப் போகிறது. வழிபாட்டுப் படம் தினமும் கை பட்டது. அந்தக் கை பட்ட அடையாளத்துக்கு மதிப்புக் குறைவு என்றால், அந்தக் கணக்கு தவறு.

என் படத்தின் கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ஆறு நெற்றிகளுக்கு நேரே ஆறு வட்டங்கள் தெரிகின்றன. வள்ளிக்கும் தெய்வானைக்கும் இரண்டு. சந்தனமும் குங்குமமும் ஆண்டுக்கணக்கில் வைத்து வைத்துக் கண்ணாடியில் பிடித்த தடம். ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு மூன்று விளிம்புகள் ஒன்றையொன்று தாண்டி நிற்கின்றன. ஒருவருக்கு மேற்பட்டவர்கள், வேறு வேறு உயரமுள்ளவர்கள், பொட்டு வைத்திருக்கிறார்கள். நடுமுகத்தின் பொட்டு ஒரு சொட்டாக வழிந்து சட்டத்தின் இடுக்கு வழியே தாளில் இறங்கியிருக்கிறது. குங்குமத்தில் மஞ்சளோடு சுண்ணாம்பும் உண்டு, தாளின் வண்ணத்தை அது தின்றிருக்கிறது. விலை பேசும்போது வியாபாரி அந்தக் கறைக்காகத் தானே முன்வந்து குறைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் கறைதான் படத்தின் விலை.

ரவிவர்மாவின் படைப்புகளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக இந்திய அரசு 1979இல் தடை விதித்தது. நூறாண்டு கடந்த கலைப்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தனிக் காவல் தருகிறது. கப்பலேறி இங்கு வந்தவற்றுக்கு அப்படி யாரும் காவல் இல்லை. குடும்பங்கள்தான் காவல். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தீபாவளிக் கடைகளில் அதே ஷண்முகர் இன்று பிளாஸ்டிக் சட்டத்தில், பின்னால் மின்விளக்கு எரிய, அடுக்கடுக்காக நிற்கிறார். வாங்கி மாட்டுவதில் தவறொன்றும் இல்லை. அதற்கு இடம் விட்டு வெளியேறும் பழைய படத்தைப் பற்றித்தான் என் வேண்டுகோள்.

தீபாவளிக்கு வீடு ஒதுக்கும்போது அம்மாவின் அல்லது பாட்டியின் பழைய சாமி படம் கையில் கிடைத்தால், அதை மரத்தடிக்கு எடுத்துப் போகாதீர்கள். கண்ணாடி உடைந்திருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றுங்கள், உடையாத பழைய கண்ணாடியைக் கழற்றவே வேண்டாம். ஈரத் துணி, எண்ணெய், சோப்பு எதுவும் தாளில் படக்கூடாது. வெளிச்சுவரிலிருந்து எடுத்து உள்சுவரில், வெயிலும் ஈரமும் எட்டாத இடத்தில் மாட்டுங்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள். பிறகு வீட்டில் மூத்தவரை உட்கார வைத்துக் கேட்டு, எந்தத் தோட்டம், எந்த லயன், யார் கொண்டுவந்தது, யார் விளக்கேற்றினார்கள் என்பதை ஒரு தாளில் பென்சிலால் எழுதிப் பலகையின் பின்னால் ஓர் உறைக்குள் வையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அதன் மை பரவும். கேட்டுச் சொல்ல இன்னும் ஆள் இருக்கும்போதே இந்த ஆண்டே செய்துவிடுங்கள்.